வசந்தத் தொடக்கத்தில் சிறு காய்கறிப் பண்ணை: எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது

குளிர்காலத்தில் உறைபனி விழும் இடங்களில் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று காய்கறி போடுபவர்களுக்கான வழிகாட்டி இது. இந்தப் பருவத்து வேலைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கடினமில்லை. வரிசையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். புதிதாக வருபவர்கள் கடையில் விதையைப் பார்த்ததும் வாங்கி விதைத்துவிடுகிறார்கள். நாற்று நடவுக்கு வந்து நிற்கும்போது பாத்தி ஈரமாகக் கிடக்கும். பாத்தி தயாரானால் தண்ணீர்க் குழாய் நாலு இடத்தில் பீய்ச்சும். அதற்குள் நாற்று முற்றிவிடும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: மண்ணில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் இன்னொரு தெர்மாமீட்டர், குழித்தட்டுகள், எல்.இ.டி. விளக்கு, பயிர் மூடும் துணி, ஒரு நோட்டுப் புத்தகம். மண் தெர்மாமீட்டரை மட்டும் தவிர்க்காதீர்கள். பின்னால் வரும் முடிவுகளில் பாதி அதை நம்பித்தான் இருக்கின்றன.

1. கடைசி உறைபனி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

உங்கள் பகுதியில் வசந்தத்தின் கடைசி உறைபனி சராசரியாக எந்தத் தேதியில் விழுகிறது என்று வானிலைப் பதிவுகளில் பாருங்கள். அதை நாட்காட்டியில் வட்டமிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணி எழுதுங்கள். மற்ற எல்லாத் தேதிகளும் இதிலிருந்துதான் வரும்.

சராசரி என்றால், பல ஆண்டுகளில் அதற்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கிறது என்றுதான் பொருள். அதனால் தக்காளி போன்ற குளிர் தாங்காத பயிர்களுக்கு அந்தத் தேதிக்கு மேல் ஒன்று இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் நிலம் பள்ளத்தில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துத் தாழ்வான இடத்தில் தேங்கும். மேட்டில் இருக்கும் பக்கத்து வயல் தப்பித்த இரவில் உங்கள் பயிர் கருகலாம்.

2. விதைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

புது விதை வாங்குமுன் பழையது முளைக்குமா என்று பாருங்கள். வெங்காய விதை ஓராண்டு, மிஞ்சிப் போனால் இரண்டாண்டு தாங்கும். தக்காளியும் வெள்ளரியும் நன்றாக வைத்திருந்தால் நாலைந்து ஆண்டுகள்கூடத் தாங்கும்.

ஈரக் காகிதத் துண்டில் இருபது விதைகளைப் பரப்பிச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் பத்து நாள் வையுங்கள். பதினான்கு முளைத்தால் எழுபது சதவீதம், கொஞ்சம் நெருக்கி விதைத்தால் போதும். பத்துக்கும் குறைவு என்றால் தூக்கிப் போடுங்கள். பழைய விதை முளைத்தாலும் வேகமில்லாமல் முளைக்கும். வீட்டுக்குள் பிழைத்த முளை குளிர்ந்த மண்ணில் தாக்குப் பிடிக்காது.

3. மண்ணில் எதையும் போடுமுன் மண் பரிசோதனை

நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில், மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரையுள்ள மண்ணை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். பிளாஸ்டிக் வாளியைப் பயன்படுத்துங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் கலந்தால் முடிவில் துத்தநாகம் கூடுதலாகத் தெரியும்.

இதை இவ்வளவு முன்னால் வைத்ததற்குக் காரணம், சுண்ணாம்பு வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலான காய்கறிகளுக்கு கார அமிலத்தன்மை (pH) 6.0 முதல் 7.0 வரை இருந்தால் நல்லது. அதற்குக் கீழே இருந்தால் இப்போதே சுண்ணாம்பு போடுங்கள், ஆனால் முழுப் பலனையும் இந்தப் பருவத்திலேயே எதிர்பார்க்காதீர்கள்.

பரிசோதனை முடிவைப் பார்க்காமல் அடுப்புச் சாம்பலைக் கொட்டுவது வழக்கமான பிழை. சாம்பல் காரத்தன்மையை ஏற்றும், அதுவும் சீக்கிரம் ஏற்றும். இன்னொன்று, வருடா வருடம் தொழு உரம் கொட்டிய நிலத்தில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏற்கெனவே நிரம்பி வழியும். அங்கே இன்னும் தொழு உரம் போட்டால் காசுதான் வீண்.

4. தண்ணீரை இப்போதே திறந்து பாருங்கள்

வெறும் நிலத்தில் சொட்டுநீர்க் குழாயை விரித்து ஓடவிட்டுப் பார்ப்பது அரை நாள் வேலை. பயிர் நின்ற பிறகு அதே ஒழுகலைத் தேடுவது மூன்று நாள் வேலை.

முதலில் குழாய்களின் கடைசி முனைகளைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். குளிர்காலத்தில் படிந்த வண்டலும் பாசியும் வெளியேறட்டும். முனையைத் திறக்காமல் அழுத்தம் கொடுத்தால் அத்தனையும் சொட்டு வாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் முனையை மூடி, வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். உறைந்து வெடித்த இடம் பெரும்பாலும் வால்வுகளிலும் வளைவுகளிலும் இருக்கும். நடுக்குழாயில் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருந்தால் அது எலி. வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். மெல்லிய சொட்டுநீர் நாடா என்றால் அழுத்தம் ஒரு பாருக்கு (bar, அழுத்தத்தின் அலகு) மேல் போகக்கூடாது, போனால் இணைப்புகள் கழன்றுவிடும்.

சோதித்து முடித்ததும் தண்ணீரை வடித்துவிட மறக்காதீர்கள். இரவில் உறையும் நாட்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன.

5. நாற்று விதைப்பு: சீக்கிரம் என்பது நல்லது இல்லை

இந்தக் கட்டத்தில்தான் அவசரம் அதிகம் கெடுக்கிறது. நான்கு நாள் வெயில் அடித்தால் போதும், எல்லோருக்கும் கை அரிக்கத் தொடங்கிவிடும். கணக்கு இதுதான்: செடி எப்போது வெளியே போகும், அப்போது அதன் வயது எவ்வளவு இருக்க வேண்டும்.

வெங்காயத்தை கடைசி உறைபனிக்கு 10 முதல் 12 வாரம் முன்பு விதையுங்கள். குடைமிளகாய், மிளகாய், கத்தரிக்கு 8 முதல் 10 வாரம். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி மூன்றும் குளிர் தாங்கும், அதனால் உறைபனி நாளுக்கு மூன்று வாரம் முன்பே வெளியே போகலாம். நடும்போது ஐந்தாறு வார நாற்றாக இருக்க வேண்டும், ஆகவே 8 அல்லது 9 வாரம் முன்பு விதைக்கலாம். வெள்ளரியும் பூசணியும் வேர் கலைந்தால் சுணங்கும், மூன்று வார நாற்றுக்கு மேல் வைக்கக்கூடாது. அவற்றைக் கடைசி உறைபனிக்கு ஒரு வாரம் முன்பு விதைத்தால் போதும், அதற்கு முன் வேண்டாம்.

முற்றிய நாற்றால் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். குழித்தட்டில் வேர் சுற்றிக்கொண்டு, கிழங்கு போல இறுகிய காலிஃபிளவர் நாற்று வயலுக்குப் போனதும் பொத்தான் அளவு பூ வைத்து நின்றுவிடும். பென்சில் தடிமனுக்கு மேல் பெருத்த வெங்காய நாற்று குளிரில் சிக்கினால், வெங்காயம் திரளாமல் பூந்தண்டு விடும். தட்டிலேயே பூத்துவிட்ட தக்காளியைவிட, பூக்காத இளம் தக்காளி வயலில் சீக்கிரம் வேர் பிடித்து முந்திவிடும். ஒரு வாரம் தாமதமாக விதைத்தால் பெரிய நட்டமில்லை. மூன்று வாரம் முந்தினால் நட்டம்.

முளைக்க வெப்பம், வளர வெளிச்சம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மிளகாய் முளைக்கத் தட்டின் மண் 27 டிகிரி சுற்றி இருக்க வேண்டும், தக்காளிக்கு 21 முதல் 27 வரை. லெட்டூஸ் நேரெதிர், 27 டிகிரி தாண்டினால் உறங்கிப் போகும். எல்லாவற்றையும் ஒரே வெப்பத் தட்டில் அடுக்கி, லெட்டூஸ் முளைக்கவில்லை என்று விதையைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது. முளை தெரிந்ததும் வெப்பத் தட்டை எடுத்துவிடுங்கள். வெப்பம் இருந்து வெளிச்சம் இல்லாவிட்டால் நாற்று நூலாக நீளும்.

ஜன்னல் வெளிச்சம் இந்தப் பருவத்தில் போதாது. விளக்கை இலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் வைத்து, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். நாற்று வளர வளர விளக்கை உயர்த்துங்கள்.

தண்டு மண் மட்டத்தில் கருத்து, மெலிந்து, நாற்று சாய்ந்தால் அது நாற்றழுகல். வந்த பிறகு மருந்து தேடுவதில் பயனில்லை. மேல் மண் எப்போதும் ஈரமாக இருப்பதும் காற்று அசையாமல் இருப்பதும்தான் காரணம். தட்டின் அடியில் தண்ணீர் ஊற்றி, இருபது நிமிடத்தில் மிச்சத்தை வடித்துவிடுங்கள். சின்ன மின்விசிறி ஒன்று மெதுவாக ஓடட்டும். பழைய தட்டுகளைச் சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே நிரப்புங்கள்.

6. மண் பதத்துக்கு வரும்வரை காலை வைக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். மற்ற பிழைகளை அந்தப் பருவத்திலேயே சரிசெய்யலாம். ஈர மண்ணைக் கிளறிய பிழை அறுவடைவரை கூடவே வரும்.

மண்வெட்டி ஆழத்தில், அதாவது 15 செ.மீ. கீழே இருந்து, ஒரு பிடி மண் எடுங்கள். மேல் மண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். காற்றிலும் வெயிலிலும் மேலே வெளுத்துக் காய்ந்திருக்கும், ஒரு விரல் கீழே சொதசொதவென்று இருக்கும். எடுத்த மண்ணைக் கையில் இறுக்கி உருண்டையாக்குங்கள். கட்டை விரலால் அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலை செய்யலாம். விரல் பள்ளமாகப் பதிந்து, அந்த இடம் பளபளத்தால் மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி பாருங்கள். உருண்டையே பிடிக்காமல் தூளாகக் கொட்டினால் நேரம் கடந்துவிட்டது, லேசாக நனைத்துவிட்டு வேலை செய்யுங்கள். மணல் கலந்த நிலம் மழைக்குப் பின் இரண்டு நாளில் பதத்துக்கு வரும். களிமண் இரண்டு வாரம் கேட்கலாம்.

காரணம் என்னவென்றால், ஈரத்தில் மண்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நெருங்கும். நடுவே காற்றும் நீரும் போகும் இடைவெளிகள் மூடிக்கொள்ளும். காய்ந்ததும் அது கட்டி. பிறகு அந்தக் கட்டியை உடைக்க ரோட்டவேட்டரை ஓட்டினால் மேலே தூள், கீழே கடினத் தட்டு என்று ஆகும். கேரட் வேர் கவட்டையாகப் பிரிவதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

நடப்பதும் கிளறுவதற்குச் சமம்தான். நடைபாதையை நிரந்தரமாக வைத்து, பாத்திக்குள் கால் வைக்காமல் பழகுங்கள். பாத்தி 75 செ.மீ. அகலம் இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும், தாண்டிப் போகவும் முடியும்.

காத்திருக்க முடியாதவர்கள் மண்ணைச் சீக்கிரம் காயவைக்க வழி பார்க்கலாம். மேட்டுப்பாத்தி தட்டை நிலத்தைவிட முன்னதாகக் காயும். இலையுதிர் காலத்தில் போட்ட மூடாக்கை ஒதுக்கித் தள்ளினால் வெயில் மண்ணில் படும். குளிர்காலத்துக்கு முன்பே கறுப்புத் தார்ப்பாய் போட்டிருந்தால் பனி உருகிய தண்ணீர் உள்ளே இறங்கியிருக்காது. ஏற்கெனவே நனைந்து ஊறிய மண்மீது இப்போது தார்ப்பாய் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும்.

7. பசுந்தாளை மடக்குதல், உரம், பாத்தி கட்டுதல்

பசுந்தாள் என்பது மண்ணுக்கு உரமாக்கவே வளர்க்கும் பயிர். அது குளிரில் தானே செத்துப்போன ஓட்ஸ் போன்ற பயிர் என்றால் வாரி ஒதுக்கிவிட்டு நடலாம். குளிரைத் தாண்டி உயிரோடு இருக்கும் ரை (rye) தானியப் பயிர் போன்றவற்றை முழங்கால் உயரம் வருமுன் வெட்டி, மேல் மண்ணில் கலந்து, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். உடனே விதைத்தால் மூன்று தொல்லைகள். மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும். ரைப் பயிரின் எச்சம் சிறு விதைகளின் முளைப்பைத் தடுக்கும். அழுகும் பச்சைக்கு ஈக்கள் வந்து முட்டையிட்டு, அவற்றின் புழுக்கள் பட்டாணி, பீன்ஸ் விதைகளைத் துளைக்கும்.

அடுத்தது கம்போஸ்ட். இரண்டரை செ.மீ. தடிமனில் மேலே பரப்பினால் போதும். ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் வரும், 100 சதுர மீட்டருக்கு இரண்டரை கன மீட்டர். ஆழமாகப் புதைக்க வேண்டாம், வேரும் மண்புழுவும் அதைக் கீழே கொண்டுபோகும். அடிமண் இறுகியிருந்தால் இரண்டு கைப்பிடி வைத்த அகல முள்கருவியைக் குத்தி, மண்ணைப் புரட்டாமல் லேசாக நெம்பி விடுங்கள். புரட்டினால் கீழே உறங்கும் களை விதைகளை வெளிச்சத்துக்கு அழைத்து வந்தது போலாகும்.

மட்காத சாணத்தை வசந்தத்தில் போடாதீர்கள். இயற்கை வேளாண்மையில் பரவலாகப் பின்பற்றும் கணக்குப்படி, மண்ணைத் தொடும் காய்களுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பும், தொடாதவற்றுக்கு 90 நாள் முன்பும் பச்சைச் சாணம் நின்றுவிட வேண்டும். லெட்டூஸும் முள்ளங்கியும் அதற்குள் மேசைக்கே வந்துவிடும்.

வெளியிலிருந்து வாங்கிய கம்போஸ்டிலும் சாணத்திலும் இன்னொரு ஆபத்து உண்டு. புல்வெளிகளில் தெளிக்கும் சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றையும் உரக்குழியையும் தாண்டி உயிரோடு வரும். நிலத்தில் கொட்டுமுன் அதில் நாலு தொட்டிகளில் பீன்ஸ் போடுங்கள், வேறு நல்ல மண்ணிலும் நாலு தொட்டிகளில் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உரத்தொட்டியின் இலைகள் மட்டும் குவிந்து சுருண்டு முறுக்கிக்கொண்டால் அந்தக் குவியலைத் தொடாதீர்கள்.

8. களைகளை முதலில் முளைக்க விடுங்கள்

பாத்தியை நடவுக்கு மூன்று வாரம் முன்பே முழுதாகத் தயார்செய்து, நனைத்து, சும்மா விடுங்கள். மேல் மண்ணில் இருக்கும் களை விதைகள் முளைக்கும். வெள்ளை நூல் போலத் தெரியும்போதே, ஒரு வெயில் நாளில், களைக்கொத்தியால் இரண்டு செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் சுரண்டிவிடுங்கள். அதற்குமேல் ஆழமாகக் கொத்தினால் புதுக் களை விதை மேலே வரும், மூன்று வாரமும் வீண்.

கேரட்டுக்கு இதைத் தவறவிடவே கூடாது. குளிர்ந்த மண்ணில் அது முளைக்கவே வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் களை அதை மூடிவிடும்.

9. நேரடி விதைப்புக்குத் தெர்மாமீட்டர்தான் நாட்காட்டி

காலையில் 5 செ.மீ. ஆழத்தில் குத்திப் பாருங்கள். மதியம் பார்த்தால் எண் கூடுதலாகக் காட்டும். மூன்று நான்கு நாள் தொடர்ந்து அதே எண் இருந்தால்தான் நம்பலாம்.

பசலைக்கும் பட்டாணிக்கும் 5 முதல் 7 டிகிரி போதும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட்டுக்கு 7 முதல் 10. பீன்ஸுக்கு 16. வெண்டைக்கு 18க்கு மேல். குறைந்தபட்சத்தில் விதைக்கலாம் என்பதால் விதைத்தே ஆகவேண்டும் என்றில்லை. கேரட் 5 டிகிரியில் முளைக்க ஏறக்குறைய ஐம்பது நாள் எடுக்கும், 10 டிகிரியில் பதினேழு நாள், 20 டிகிரியில் ஒரு வாரம். இரண்டு வாரம் பொறுத்து விதைத்தவரின் கேரட் முதலில் தலைகாட்டுவது இப்படித்தான்.

குளிர்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்வதால், கம்போஸ்ட் நிறைய இருந்தும் இளம் பயிர் வெளுத்து நிற்கலாம். தக்காளி நாற்றின் இலையடி ஊதாவாக மாறினால் அது பெரும்பாலும் குளிரில் மணிச்சத்தை உறிஞ்ச முடியாத நிலை. மண் சூடேறினால் சரியாகிவிடும், உரம் கொட்டாதீர்கள்.

10. நாற்றை வெளிக்காற்றுக்குப் பழக்குதல்

ஏழு முதல் பத்து நாள் வேண்டும். முதல் நாள் காற்றுப் படாத நிழலில் இரண்டு மணி நேரம். பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, காலை வெயில், அப்புறம் முழு வெயில், கடைசியில் இரவும் வெளியே. தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள், வாட விடாதீர்கள்.

விளக்கடியில் வளர்ந்த இலை நேரடி வெயிலில் ஒரே மதியத்தில் வெளுத்துக் காகிதமாகிவிடும். வெயிலைவிடக் காற்றுதான் அதிகம் கெடுக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தக்காளி, மிளகாய், கத்தரியை இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே எடுத்துவிடுங்கள்.

11. நடவும் மூடுதுணியும்

மேகமூட்டமான நாளில் அல்லது சாயங்காலம் நடுங்கள். தட்டை நன்றாக நனைத்த பிறகு நாற்றை எடுங்கள், நட்டதும் வேரடியில் தண்ணீர் ஊற்றுங்கள். தண்டைச் சுற்றி மண்ணை அழுத்தி மிதிக்க வேண்டாம், தண்ணீரே மண்ணை வேரோடு சேர்க்கும்.

வளைகம்பிகளைக் குத்தி, மேலே துணியை விரித்து, ஓரங்களை மண் போட்டு முழுக்க மூடுங்கள். ஒரு முழம் திறந்திருந்தாலும் காற்று உள்ளே புகுந்து மொத்தத்தையும் தூக்கிப் போகும். சதுர மீட்டருக்கு 20 கிராம் எடையுள்ள மெல்லிய துணி ஒன்றிரண்டு டிகிரிக் குளிரைத் தடுக்கும். 50 கிராம் துணி மூன்று நான்கு டிகிரி தடுக்கும், ஆனால் வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடும், பகலில் எடுத்தாக வேண்டும். இலை துணியைத் தொட்டால் தொட்ட இடம் கருகும், கம்பியை அதற்கேற்ற உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் போட்டவர்கள் வெயில் ஏறியதும் ஓரத்தைத் திறக்க வேண்டும். வெளியே குளிராக இருந்தாலும் உள்ளே நாற்று வெந்துவிடும்.

முட்டைக்கோஸ் வகைகளை நட்ட அன்றே மூடினால், இலையைத் துளைத்துத் தின்னும் சிறு தத்துவண்டும் தடுக்கப்படும். ஆனால் போன வருடம் அதே பாத்தியில் அதே குடும்பப் பயிர் நின்றிருந்தால் மண்ணிலும் குப்பையிலும் தங்கியிருந்த வண்டு துணிக்குள்ளேயே வெளிப்பட்டு வசதியாக மேயும். பாத்தியை மாற்றி நடுவதற்கு நோட்டுப் புத்தகம் உதவும் இடம் இது.

மூடிவிட்டு மறந்துவிடாதீர்கள். வாரம் இருமுறையாவது ஒரு ஓரத்தைத் தூக்கிக் களையும் நத்தையும் பாருங்கள், குறைந்தபட்ச வெப்பநிலையை எழுதி வையுங்கள். முதல் முள்ளங்கி வரிசை, வித்திலைகளுக்குப் பின் வரும் உண்மை இலை இரண்டு விட்டதும் அடுத்த வரிசையை விதையுங்கள். தேதி பார்த்து விதைத்தால் குளிர்ந்த மண்ணில் மெதுவாக வரும் முதல் வரிசையைச் சூடேறிய மண்ணில் வரும் இரண்டாவது வரிசை எட்டிப் பிடித்து, இரண்டும் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வந்து நிற்கும்.